சும்மா கிடக்கிற காடு

"சும்மா கிடக்கிற காடுதானே, கொடுத்துட்டா என்ன?" என்று போன மாதம் மச்சான் போனில் கேட்டார். காரைக்குடிக்கும் கல்லலுக்கும் இடையில், எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கும் நாலரை ஏக்கர் செம்மண் மேட்டைப் பற்றித்தான் பேச்சு. யாரோ மனை போட்டு விற்பவர்கள் விலை பேசியிருக்கிறார்கள். மச்சான் நல்ல மனிதர், என் நல்லதுக்குத்தான் கேட்டார். ஆனால் 'சும்மா கிடக்கிற' என்ற அந்தச் சொல் காதில் விழுந்ததும் அதற்குமேல் பேச முடியாமல் பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அதே சொல்லை 2017-ல் நானும் சொன்னேன். ஒரு ஜேசிபி ஓட்டுநரிடம், அந்த மேட்டின் ஓரத்தில் நின்றுகொண்டு, கையை வீசிக் காட்டிச் சொன்னேன். அன்று முதல் இந்தக் கட்டுரை எனக்குள் எழுதப்படாமல் கிடக்கிறது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த மேடு எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. சித்திரை மாதத்தில் பார்த்தால் செருப்பையும் தாண்டிச் சுடும் சிவப்புத் தரை, இடுப்பளவுக்குக் காரையும் சூரையும், நடுநடுவே விடத்தலை, ஆவாரை, தரையோடு படர்ந்த சங்கஞ்செடி, ஒன்றிரண்டு பனை. ஊரில் அதைப் பொட்டல் என்பார்கள், பொட்டக்காடு என்பார்கள். கிராம நிர்வாக அலுவலரின் நிலக் கணக்கான அடங்கலில் அதற்கு எதிரே ஒவ்வொரு பசலி ஆண்டும் ஒரே வார்த்தைதான்: தரிசு. அப்பா இருந்தவரை அதை எதுவும் செய்யவில்லை. ஆடு மேயும், பொம்பளைகள் சுள்ளி பொறுக்குவார்கள், பிள்ளைகள் களாக்காய்க்கும் சூரைப்பழத்துக்கும் போய்க் கை கால் கீறிக்கொண்டு வருவார்கள். அவ்வளவுதான் அதன் வரலாறு என்று நினைத்திருந்தேன்.

மரம் நட நினைத்த வருடம்

2016-ல் வடகிழக்குப் பருவமழை எப்படிப் பொய்த்தது என்பது நினைவிருக்கும். ஊரணி அடிமண் தெரிய வெடித்துக் கிடந்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கமெல்லாம் கண்மாய்க்குக் கண்மாய் ஜேசிபி இறங்கியது. நான் சென்னையில் வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி ஊர் திரும்பியிருந்த நேரம் அது. மண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் மேட்டிலும் கிழக்கு ஓரத்தில் சீமைக்கருவேலம் ஏறியிருந்தது. அதை எடுத்துவிட்டு முழு மேட்டையும் சுத்தம் செய்து மகோகனி, மலைவேம்பு, செம்மரம் என்று 400 கன்றுகள் வைப்பதாகத் திட்டம். காடு வளர்க்கிறேன் என்று ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

ஓட்டுநர் இறங்கி வந்து, "சார், சீமக்கருவ மட்டும் எடுக்கவா, எல்லாத்தையும் வழிச்சுரவா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. "எல்லாம் சும்மா கிடக்கிறதுதான், வழிச்சிருங்க" என்றேன். இரண்டு நாளில் நாலரை ஏக்கரும் மாடு நக்கிய தட்டுபோல ஆகிவிட்டது. மேற்கு மூலையில் ஒரு கறையான் புற்றைச் சுற்றி ஐந்தாறு சென்ட் மட்டும் தப்பியது. புற்றில் நாகம் இருக்கிறது என்று ஓட்டுநர் அதன் பக்கம் வண்டியைத் திருப்ப மறுத்துவிட்டார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஆடு பத்திக்கொண்டு அத்தை வந்தார். சொந்த அத்தை இல்லை, ஊர் முறைக்கு அத்தை. எழுபதைத் தாண்டிய வயசு. அந்த மேட்டில் ஐம்பது வருடமாக ஆடு மேய்க்கிறவர். வரப்பிலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "என்னப்பு, காட்ட எங்க?" என்று மட்டும் கேட்டார். மரம் வைக்கப் போகிறேன் அத்தை என்றேன். "இருந்தது என்னவாம்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

முதல் மழை

இங்கே கொஞ்சம் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பூமி வறண்ட பூமி என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. பாலைவனத்து மழையின் அளவு இது இல்லை, லண்டனில் பெய்வதைவிட அதிகம். சிக்கல் அளவில் இல்லை. அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில், அதிலும் சில ராத்திரிகளில், கொட்டித் தீர்த்துவிடுகிறது. மற்ற மாதங்களில் வெயில் அதை இழுத்துக்கொள்கிறது. எங்கள் பக்கம் பெரிய ஆறு எதுவும் இல்லை. தேனாறு, மணிமுத்தாறு, பாம்பாறு எல்லாம் மழை பெய்தால் மட்டும் ஆறு. ஆகவே விழுகிற இடத்திலேயே மழையைப் பிடித்தாக வேண்டும். நம் முன்னோர் கண்மாயும் ஏந்தலும் ஊரணியும் வெட்டியது அதற்காகத்தான் என்று எல்லோரும் பெருமையாக எழுதுகிறோம். ஊரணிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் எழுதுவதில்லை. அது மேட்டிலிருந்து வருகிறது. எங்கள் ஊரணிக்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துவாரி, நான் வழித்துப் போட்ட அந்த நாலரை ஏக்கரின் தென்சரிவில் தொடங்குகிறது. எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் அந்த வாரியில் காகிதக் கப்பல் விட்டிருக்கிறேன். இருந்தும் அன்று அது என் நினைவுக்கு வரவில்லை.

அந்தப் புரட்டாசியில் ஒரு ராத்திரி இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்தது. முன்பெல்லாம் இப்படி ஒரு மழை பெய்தால் ஊரணிக்கு உடனே தண்ணீர் வராது. விடிந்த பிறகுதான் வாரியில் மெல்ல நடை கட்டி, இலைதழை மிதக்க, வெளிறிய தேநீர் நிறத்தில் வந்து சேரும். பகல் முழுக்க வரும், சில நேரம் மறுநாளும் கசியும். அன்றைக்கு மழை விடுவதற்கு முன்பே சத்தம் கேட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாரி கொள்ளாமல், செங்காவியைக் கரைத்து ஊற்றியதுபோல் வந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் கோபமாக வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. காலையில் பார்த்தால் ஊரணியின் செம்புராங்கல் படிகளில் கீழ் நான்கு படி தெரியவில்லை. தண்ணீரில் மூழ்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். மூழ்கியிருந்தது சேற்றில். என் நிலத்துச் சேறு.

அந்தத் தண்ணீர் பத்து நாளாகியும் தெளியவில்லை. அப்பத்தா இருந்தபோது குடிதண்ணீர்ப் பானையின் உள்வாயில் தேத்தாங்கொட்டையை உரசி ஊற்றிவைப்பார், கலங்கல் அடியில் உட்கார்ந்துவிடும். தேத்தாவும் இந்தக் காட்டு மரம்தான். அந்தக் காலத்தில் ஊரணித் தண்ணீரைக் காடு இரண்டு தடவை வடிகட்டியிருக்கிறது: மேட்டில் வேரும் சருகுமாக ஒரு தடவை, பானையில் ஒரு தடவை. நான் அந்த முதல் வடிகட்டியைக் கிழித்துவிட்டேன். இரண்டாவதை என்றோ மறந்துவிட்டோம்.

மேட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அங்கே நின்றிருந்தது மண் இல்லை, கல். எங்கள் மேட்டில் மண் என்பது அதிகம் போனால் ஒரு முழம். அதற்குக் கீழே செம்புராங்கல். நம் பக்கத்து நில அமைப்பே அப்படி. மேற்கே பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருப்பத்தூர்ப் பக்கம் பழைய கடும்பாறை தலைதூக்கி நிற்கிறது. கிழக்கே வரவர அது கீழே போய், அதன்மேல் மணற்கல் அடுக்குகளும் செம்புராங்கல் மூடியும் வந்துவிடுகின்றன. செம்புராங்கல்லின் குணம் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்: பூமிக்குள் இருக்கும்போது வெட்டுக்கு இளகிக்கொடுக்கும், காற்றும் வெயிலும் பட்டால் இரும்பாக இறுகிவிடும். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பர்மாத் தேக்குத் தூணையும் இத்தாலிப் பளிங்கையும் காட்டுகிறோம். அந்த வீடுகளுக்கும் ஊரணிகளுக்கும் கீழே இருந்து தாங்குவது இந்தக் கல். எங்கள் வீட்டு அஸ்திவாரத்தை நூறு வருடம் காத்த அதே குணம், ஒரே மழையில் என் நிலத்தை மூடிவிட்டது. மேல்மண் கழுவிப் போய், வெயில் பட்டு, மேடு இறுகத் தொடங்கியிருந்தது. காரையும் சூரையும் தங்கள் வேர்களை அந்தக் கல்லின் இடுக்குகளில் இறக்கித்தான் மழைக்கு வழி வைத்திருந்தன. கறையான் தோண்டிய வளைகளும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. காரைக்குடிக்காரர்கள் கொண்டாடுகிற சம்பை ஊற்றுத் தண்ணீரும் எங்கோ ஆகாயத்திலிருந்து வந்ததில்லை, இப்படிப்பட்ட செம்மண் மேடுகளில் இறங்கி மணற்கல்லுக்குள் தங்கிய மழைதான்.

ஐயனார் கோயிலில்

அத்தையைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேனா, யோசனை கேட்கப் போனேனா என்று இப்போது தெரியவில்லை. ஊருக்கு வடக்கே ஐயனார் கோயில் காட்டின் ஓரத்தில் ஆடுகளை மடக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஏதோ சொல்லத் தொடங்க, "வா, உள்ள வா" என்று எழுந்து நடந்தார். புரவி எடுப்புத் திருவிழாவுக்கு வருடாவருடம் வந்த இடம்தான், மண்குதிரைகளைத் தாண்டி உள்ளே போனதில்லை. அந்தக் காட்டில் சுள்ளி ஒடித்தால்கூடக் குடும்பத்துக்கு ஆகாது என்பது ஊர்க் கட்டு. மூன்று ஏக்கர் இருக்கும். பத்தடி உள்ளே போனதும் வெயில் விட்டுப்போனது. காலுக்குக் கீழே சருகு மெத்தை. புரட்டாசி உச்சி வெயிலில் அங்கே மண் ஈரமாக இருந்தது.

அத்தை ஒரு மரத்தைத் தட்டி, "இது என்னன்னு தெரியுதா?" என்றார். இருபதடிக்கு மேல் ஓங்கி, கைப்பிடிக்குள் அடங்காத அடிமரம். தெரியவில்லை என்றேன். "காரை. ஒன் காட்டுல இடுப்புக்கு நின்னுச்சுல்ல, அதேதேன்." அடுத்து, மரத்துக்கு மரம் தாவி உச்சிவரை கொடியாக ஏறிய முள், தொடை தடிமன்: "இது சூரை." கிளையை ஒட்டி நீலமாகப் பூக்குமே, அந்தக் காசா. வீரை. பால் ஒட்டுமே, அந்தப் பாலைப்பழ மரம். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய அடிமரம் அதற்கு. "எல்லாம் ஒரே செடிதேன் அப்பு. அங்கிட்டு வெட்டுனாக, ஆடு கடிச்சுச்சு, மறுபடி வெட்டுனாக. இங்கிட்டு சாமிக்குப் பயந்து விட்டாக. அம்புட்டுத்தேன் வித்தியாசம்."

அந்த இடத்தில் எனக்குள் ஏதோ கவிழ்ந்தது. ஐம்பத்திரண்டு வருடமாக நான் இரண்டு காடுகளைப் பார்த்ததாக நினைத்திருந்தேன்: ஒன்று சாமி காடு, இன்னொன்று ஒன்றுக்கும் ஆகாத பொட்டல். அது ஒரே காடு. ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, இன்னொன்று குனியவைக்கப்பட்டிருக்கிறது. குனிந்து நின்றாலும் அது மண்ணைப் பிடித்த பிடியை விடவில்லை. வெட்ட வெட்டத் தூரிலிருந்து துளிர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தை இன்னொன்றும் காட்டினார். ஒரு சூரைப் புதரை அரிவாள் பிடியால் விலக்கினால், முள்ளுக்கு நடுவே விரல் தடிமனில் ஒரு வீரைக் கன்று. "குருவி தின்னுட்டு இங்கன ஒக்காந்து எச்சம் போடும். மொளைச்சது முள்ளுக்குள்ள இருக்கங்காட்டி ஆடு வாய் வைக்காது. முள்ளுத்தேன் இதுக்குத் தாதி." நான் முள்ளை எல்லாம் வழித்துவிட்டு, கடையில் வாங்கிய கன்றுக்குப் பச்சை வலை சுற்ற நினைத்திருந்தேன்.

பெயரில் இருக்கிறது

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன், நிறைய நடந்தேன். இந்தியக் காடுகளை வகைபிரித்த சாம்பியனும் சேத்தும் 1968-ல் தெற்கத்திய முட்காட்டுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள், சோழமண்டலக் கரையை ஒட்டிய உலர் பசுமைமாறாக் காட்டுக்கு வேறோர் இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் பகுதி இரண்டும் தழுவிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. ஆனால் 2000-ல் முதலில் வெளிவந்த இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பைப் பார்த்தால் புதர் நிலம் என்பதே தரிசின் ஒரு வகை. வருவாய்த் துறைக் கணக்கில் தரிசு இரண்டு விதம்: தீர்வை விதித்தது, தீர்வை விதிக்காதது. வரி கொடுக்கிறதா, கொடுக்கவில்லையா என்பதைத் தாண்டி அந்த நிலத்தைப் பற்றி அந்தக் கணக்குக்கு ஒரு கேள்வியும் இல்லை. இந்தச் சொல் சாதாரணச் சொல் இல்லை. தரிசு என்று எழுதிவிட்டால் அதில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். தைல மரம் போடலாம், செம்மண் அள்ளலாம், மனை போடலாம், என்னைப்போல் நல்ல எண்ணத்தோடு மரமும் நடலாம்.

கணக்கில் இல்லாதது ஊர்ப் பெயரில் இருக்கிறது. காரைக்குடிக்குக் காரைச் செடியால் பெயர் வந்தது என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். நகரத்தார் கோயில் ஒன்பதில் மூன்று ஊர்களைச் சொல்லிப் பாருங்கள்: சூரைக்குடி, வேலங்குடி, இலுப்பைக்குடி. சூரையும் வேலும் இலுப்பையும். குடியேறியவர்கள் வெட்டவெளியில் குடியேறவில்லை, ஒவ்வொரு புதருக்கும் பெயர் தெரிந்துதான் குடியேறியிருக்கிறார்கள். காளையார்கோவிலின் பழம்பெயர் கானப்பேர். கான் என்றால் காடு.

அந்தக் கானம் எப்படிப்பட்டது என்பதற்கு 1801 சாட்சி. மருது சகோதரர்களைப் பிடிக்க வந்த கும்பினிப் படை சிறுவயலில் முகாம் போட்டது. எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றார்கள். ஒரு மாதத்துக்கு மேல், கோடரியும் பீரங்கியும் அத்தனை ஆட்களும் வைத்துக்கொண்டு வெட்டினார்கள், முடியாமல் கைவிட்டார்கள். பிறகு வேறு வழியாக வந்துதான் அக்டோபர் முதல் தேதி காளையார்கோவிலைப் பிடித்தார்கள். அந்த மாதம் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் மருதிருவரையும் தூக்கிலிட்டார்கள். பாடத்தில் படித்த வரலாறுதான் இது. ஆனால் அந்தப் படையை ஒரு மாதம் நிறுத்திவைத்த மரம் என்ன மரம் என்று நான் எப்போதும் யோசித்ததில்லை. மலைக்காடு இங்கே இல்லை. அது இந்தக் காரைதான், இந்தச் சூரைதான், இந்த விடத்தலைதான், நிமிர்ந்து நின்ற காலத்தில். ஒரு படையால் ஒரு மாதத்தில் முடியாததை நான் வாடகை வண்டியில் இரண்டு நாளில் முடித்தேன்.

இப்போது

அந்த 400 கன்றையும் நட்டேன். அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. ஐயனார் கோயிலில் அவ்வளவு பார்த்த பிறகும், காசு கொடுத்து வாங்கியாயிற்றே என்று நட்டேன். டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றினேன். ஒரு கோடை தாண்டியபோது முப்பதுக்கும் குறைவாகவே நின்றன. 2018 நவம்பர் மாதக் கஜா புயலில் அதிலும் சில சாய்ந்தன. அந்தப் புயலில் ஐயனார் காட்டில் ஒரு பழைய பாலை மட்டும் விழுந்தது.

அதற்குப் பிறகு செய்தது ஒன்றுதான்: செய்வதை நிறுத்தினேன். சரிவுக்குக் குறுக்கே கையால் சின்னச் சின்ன வரப்பு போட்டேன். கிழக்கில் திரும்ப முளைக்கும் சீமைக்கருவேலத்தை மட்டும் வேரோடு பிடுங்குகிறேன், அதில் எனக்கு இப்போதும் தயக்கமில்லை. மீதியை விட்டுவிட்டேன். முதல் இரண்டு வருடம் ஆவாரையும் எருக்கும் மட்டும் வந்தன. மூன்றாவது வருடம், தப்பிய அந்தப் புற்று மூலையிலிருந்து காரை வெளியே நடக்கத் தொடங்கியது. நடக்கத்தான் செய்தது, வருடத்துக்கு நாலு எட்டு, ஐந்து எட்டு. இப்போது கௌதாரி கூப்பிடுகிறது. போன ஐப்பசியில் ஊரணிக்குத் தண்ணீர் விடிந்த பிறகு வந்தது, முழுத் தெளிவு இல்லை, ஆனால் செங்காவி இல்லை. தூர் வாரி எடுத்த அந்த நான்கு படியில் உட்கார்ந்து அது வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சானுக்கு நேற்று போன் செய்தேன். விற்கவில்லை என்றேன். "வச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றார். ஊரணிக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது மச்சான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியா, எனக்குத் தெரியாதே" என்றார். இந்தத் தீபாவளிக்கு வரும்போது கூட்டிப்போய்க் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் மேட்டுக்குப் போனபோது அத்தை அங்கே இருந்தார். கண் பார்வை மங்கிவிட்டது, ஆடும் ஆறாகக் குறைந்துவிட்டது. புற்றுக்குப் பக்கத்துக் காரைப் புதருக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். என்ன அத்தை என்று குனிந்தேன். முழங்கால் உயரத்தில் ஒரு வீரை. புதரின் ஒரு பக்கம் ஆடு கடித்துத் திறந்திருந்தது. அவருடைய ஆடுதான். அத்தை அரிவாளை எடுத்து நாலு சூரை மிளாறை வெட்டி, அந்தத் திறப்பில் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினார், கையில் கீறி ரத்தம் வந்ததைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "ரெண்டு மழை பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஆடுகளைப் பத்திக்கொண்டு வாரியோடு இறங்கினார்.